பாட்டுப்பெட்டியைப் பழுது பார்த்தல்

உடையார்பாளையத்துப் பழைய வீடுகளில் பரண் என்பது ஒரு தனி உலகம். கழற்றி வைத்த தறியின் உறுப்புகள், ஈயம் தேய்ந்த பித்தளைப் பாத்திரங்கள், காலொடிந்த நாற்காலி, எழுத்து மங்கிய பத்திரக்கட்டு ஆகியவற்றின் நடுவே சதுரமான கறுப்புப் பெட்டி ஒன்றும் சில வீடுகளில் அகப்படுவதுண்டு. வெளித்தோற்றத்தில் அது பிரயாணப் பெட்டி போலவே இருக்கும். மூடியைத் திறந்தாலோ, உள்ளே துணியொட்டிய வட்டத் தட்டொன்றும், பாம்பு போல் வளைந்த குழாயொன்றும் தோன்றும். நம் பாட்டனார், பூட்டனார் காலத்தில் 'பாட்டுப்பெட்டி' என்றும் 'கிராமபோன்' என்றும் வழங்கிய கருவி அதுவே. அத்தகைய பெட்டி ஒன்று நம் தாய்மாமன் வீட்டுப் பரணிலிருந்து சென்ற கோடை விடுமுறையில் இறக்கப்பெற்றது. அதனைச் செப்பனிடும் முயற்சியில் நாம் அறிந்தவற்றை, தம் வீட்டிலும் இப்பெட்டியை வைத்திருக்கக்கூடிய அன்பர்களுக்குப் பயன்படுமென்று கருதி ஈண்டு எழுதுகிறோம்.

இவ்வூருக்கும் இசைக்கும் உள்ள தொடர்பு புதியதன்று. உடையார்பாளையம் ஜமீன்தார்களால் ஆதரிக்கப்பெற்ற கனம் கிருஷ்ணையர் இங்கே இருந்து பல பதங்களை இயற்றிப் பாடினார். டாக்டர் உ. வே. சாமிநாதையரின் தந்தையார் வேங்கடசுப்பையர் அவரிடம் இசை பயின்றவர். ஐயரவர்களே கனம் கிருஷ்ணையரின் சரித்திரத்தைத் தனி நூலாக எழுதியுள்ளார்கள். கனமார்க்கம் என்னும் கடினமான முறையிலே அவர் பாடியதைப் பற்றிப் படிக்கிறோம். அவர் செய்த பதங்களை இன்றும் வித்துவான்கள் பாடக் கேட்கிறோம். ஆனால் அவர் குரல் எங்கே? எடிசன் என்னும் அமெரிக்கர் ஒலியைப் பதிவு செய்யும் கருவியை 1877-ல் அமைத்தபோது கனம் கிருஷ்ணையர் மறைந்து பல ஆண்டுகள் கழிந்திருந்தன. அக்குரலைக் கேட்கும் வழி நமக்கு இல்லை.

இதற்கு மாறாக எஸ். ஜி. கிட்டப்பாவை எண்ணிப் பார்க்கலாம். நாடக மேடையில் தமிழ்நாட்டையே மயக்கிய அவர் 1933-ம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், முப்பது வயதும் நிரம்பாமல், காலமானார். பேசும்படம் எதிலும் அவர் நடித்ததில்லை. ஆயினும் இன்று நாம் அவர் குரலைக் கேட்கிறோம். அரக்குத் தட்டுகளில் பதிந்து நின்றதனாலேயே கேட்கிறோம். நம் மாமன் வீட்டுப் பெட்டியோடு துணியிற் சுற்றிக் கிடைத்த பன்னிரண்டு தட்டுகளில் ஒன்று கிட்டப்பாவினுடையது. நம் பாட்டியார் சிறுமியாயிருந்தபோது தம் தகப்பனார் அதனைச் சுழலவிடக் கேட்டவர். பெட்டி இறங்கியதும் அவர்கள் கேட்டது, "அந்தத் தட்டைப் போட முடியுமா, தம்பி?" என்பதே. அவ்வினாவிற்கு விடை சொல்ல நமக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் பிடித்தது.

முதற்கண் கருவியின் வரலாற்றைச் சிறிது கூறுவோம். எடிசன் கருவி உருளையில் ஒலியைப் பதித்தது. தட்டையான வட்டில் பதிக்கும் முறையை எமில் பெர்லினர் என்பவர் 1887-ல் கண்டார். கிராமபோன் என்னும் பெயரும் அவர் இட்டதே. 1902-ம் ஆண்டு நவம்பர் மாதத்தில் கல்கத்தாவில் கெய்ஸ்பர்க் என்னும் பதிவாளர் முன் கௌஹர் ஜான் என்னும் பாடகி பாடினார். அக்காலத்துப் பதிவுகள் ஜெர்மனியிலுள்ள ஹானோவர் நகருக்கு அனுப்பப்பெற்று, தட்டுகளாக அச்சிடப்பெற்று, கப்பலேறித் திரும்பி வந்தன. பின்னர்க் கல்கத்தாவிலேயே தொழிற்சாலை ஏற்பட்டது. சென்னையில் ஏ. வி. மெய்யப்பன் அவர்கள் தொடங்கிய சரஸ்வதி ஸ்டோர்ஸ் ஓடியன் தட்டுகளை வெளியிட்டுப் புகழ் பெற்றது. தட்டின் முக்கியப் பொருளாகிய அரக்கோ நம் நாட்டுக் காடுகளில் பூச்சிகள் மரக்கிளைகளின்மேற் சுரப்பது. உலகெங்குமுள்ள தட்டுகளுக்கு அது இங்கிருந்தே மிகுதியாகச் சென்றது. அவ்வரக்கோடு கற்பொடி முதலியவற்றைக் கலந்து வார்த்தார்கள். கற்பொடி என்பதை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம். அதனால் விளையும் துன்பத்தைப் பின்னர்க் கூறுவோம்.

இனி, கிடைத்த கருவி இன்னதென்று அறியும் வகை. நாய் ஒன்று ஊதுகுழாயின் முன் அமர்ந்து செவி சாய்த்திருக்கும் படத்தைக் கண்டவுடனே 'இது அசல்' என்று பலர் நம்பிவிடுகின்றனர். பிரான்சிஸ் பரோ என்னும் ஓவியர் வரைந்த அப்படத்தைக் கிராமபோன் கம்பெனியார் 1899-ல் விலைக்கு வாங்கினர். முதலில் எடிசன் கருவியாக எழுதப்பட்டிருந்ததை அழித்து ஓவியரே கிராமபோனாக மாற்றித் தந்தார் என்பது வரலாறு. படத்தையே மாற்றி எழுதலாமென்றால், படத்தை ஒட்டுவது எவ்வளவு எளிது! பளபளக்கும் பெரிய பித்தளைக் குழாயும், எட்டுப் பட்டையாகச் சித்திர வேலை செய்த மரப்பெட்டியும், முகப்பில் பெரிய நாய்ப் படமும் கொண்ட கருவிகள் மும்பையின் சோர் பஜார் முதலிய இடங்களில் ஏராளமாக விற்கப்படுகின்றன. அவற்றிற் பெரும்பாலன அண்மைக் காலத்தில் புதிய மரத்தாலும் மெல்லிய தகட்டாலும் செய்து, பழைய கைப்பெட்டி ஒன்றிலிருந்து கழற்றிய மோட்டாரைப் பொருத்தியவை. அயல்நாட்டார் இவற்றுக்கு இழிவான பெயரொன்று வைத்திருக்கின்றனர். அதனை நாம் இங்கே எழுதவில்லை.

அசலையும் போலியையும் பிரித்தறியச் சில அடையாளங்கள் உண்டு. அசற் கருவியின் கைக்குழாய் ஒரு முனையிற் சிறுத்து மறுமுனையிற் சீராகப் பருத்துச் செல்லும், வார்ப்பு வழுவழுப்பாயிருக்கும். போலியிலோ அது ஒரே பருமனாய், நீர்க்குழாயை வளைத்தது போல் முரட்டுத்தனமாயிருக்கும். ஊதுகுழாயைத் தாங்கும் பின்புறத் தாங்கி அசலில் பெட்டியோடு ஒன்றிப் பொருந்தும். போலியில் பிறகு வைத்துத் திருகியது வெளிப்படையாகத் தெரியும். குழாய் பித்தளையாயிருப்பதனாலேயே போலி என்று துணிதல் கூடாது. ஆதிக் கருவிகளில் பித்தளைக் குழாய்களும் உண்டு. ஆனால் வண்ணம் பூசிய இரும்புத் தகட்டுக் குழாய்களும் மரக்குழாய்களும் அவற்றில் மிகுதி. எல்லாவற்றினும் சிறந்த சோதனை பெட்டிக்குள் பார்ப்பது. எண்பது ஆண்டுப் பழமையுள்ள மரத்தின் உட்புறம் வெளிப்புறத்தைப் போலச் சாயம் தோய்ந்திராது. திருகாணிகளின் தலைகள் புத்தம் புதியனவாய் மின்னா.

எதிர் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் அவ்வாறான பித்தளைக் குழாய்க் கருவி ஒன்று உண்டு. பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிக் கூடத்தில் கண்ணாடிப் பேழையருகே வைத்திருக்கிறார். நாம் தயங்கித் தயங்கி மேற்கூறிய அடையாளங்களைக் காட்டியபோது அவர் சிறிதும் வருந்தாமல், "பாட்டுக் கேக்குதா இல்லையா? அது போதும், தம்பி" என்று சொல்லிவிட்டார். அவ்விடையை மறுக்க இயலாதென்றே முதலில் தோன்றிற்று. பிறகு அதன் கையைத் தட்டின்மேல் வைத்துப் பார்த்தோம். அக்கை தட்டின் வரிகளுக்கு ஒத்துச் செல்லாமல் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, கனத்தோடு அழுத்தித் தட்டைச் சுரண்டியது. போலியால் வாங்கியவருக்கு வரும் நட்டம் பணமட்டுமே. தட்டுக்கு வரும் நட்டமோ திருப்பித் தரவியலாதது.

நம் மாமன் வீட்டுப் பெட்டியில் குழாய் வெளியே இல்லை. கறுப்புத் தோல்துணி போர்த்த கைப்பெட்டி அது. ஒலி செல்லும் வழி பெட்டிக்குள்ளேயே மடிந்து அமைந்திருக்கிறது. மூடியின் உட்புறத்து முத்திரையையும், மோட்டார்ப் பலகையின் அமைப்பையும், தட்டு முடிந்தவுடன் தானே நிறுத்தும் பொறியையும் பார்த்து, இஃது ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ் 102 என்னும் வகையென்று துணிந்தோம். இவ்வகை 1931-ல் வெளிவந்து பல்லாண்டுகள் விற்கப்பட்டது. இதற்கு முந்தியது 101. நம் நாட்டில் அசலாகக் கிடைப்பவற்றுள் இத்தகைய கைப்பெட்டிகளே மிகுதி. கூடத்தில் வைக்க அழகில்லை என்பதனால் இவற்றை யாரும் போலி செய்வதில்லை போலும்.

செப்பனிடுதலில் முதல் விதி ஒன்றும் செய்யாமலிருத்தல். நம் வீட்டுப் பெண்டிர் பித்தளை என்று கண்டால் புளியும் சாம்பலும் எடுத்துத் தேய்க்கத் தொடங்குவர். பெட்டியின் உலோக உறுப்புகள் மேலே முலாம் பூசியவை. புளி பட்டால் முலாம் போய்விடும். தோல்துணிக்குச் சிறிது சவர்க்காரம் கலந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும். முத்திரையைத் தொடவே கூடாது; அது காகிதம் போன்ற மெல்லிய ஒட்டுப்படம். கறுப்பு வண்ணம் வாங்கிப் பூசிப் புதிது போலாக்க வேண்டுமென்று வீட்டில் ஒருவர் யோசனை கூறினார். அதனை மரியாதையுடன் மறுத்தோம்.

அடுத்தது மோட்டார். இதில் மின்சாரம் இல்லை. உருளையான தகரக் கூட்டுக்குள் பல முழ நீளமுள்ள எஃகுப் பட்டை சுருண்டிருக்கிறது. கைப்பிடியைச் சுற்றினால் அச்சுருள் இறுகும். விட்டால் விரிந்து பற்சக்கரங்களைச் சுழற்றும். சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தல் போன்றதே இது. நம் பெட்டியில் கைப்பிடி எவ்வளவு சுற்றினும் பிடிப்பின்றி 'தடக்' என்று வழுவியது. சுருளின் முனை அறுந்ததற்கு அஃது அடையாளம். கடைத்தெருவில் தையல் யந்திரங்களும் சுவர்க் கடிகாரங்களும் பழுது பார்க்கும் முதியவரிடம் கொண்டு சென்றோம். அவர் கூட்டைக் கையில் வாங்கியதும், "தம்பி, நீங்க இதைத் தொறக்கலையே? சுருள் தெறிச்சா விரலு போயிடும்" என்றார். இதனை ஒவ்வொருவரும் கருத்தில் கொள்ள வேண்டும். மோட்டார் முழுதும் ஓடி ஓய்ந்த பின்னரும் கூட்டுக்குள் அடைபட்ட சுருள் இறுக்கத்தோடேயே இருக்கிறது. ஒரு முனை வெளிப்பட்டால் மற்றவை சாட்டை போல் பாயும். அவர் கையுறை அணிந்து, கூட்டைக் கனத்த சாக்கினுள் வைத்து, நடுச்சுற்றிலிருந்து ஒவ்வொன்றாக விட்டு எடுத்தார். பழக்கமில்லாதவர் இவ்வேலையைத் தாமே செய்யத் துணிய வேண்டா.

வெளிவந்த சுருளில் படிந்திருந்தது தார் போலக் கட்டியான பழைய மசகு. இவ்வாறு மசகு காய்ந்தால் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பாட்டு நடக்கும்போது ஒட்டு விட்டுத் திடீரென நழுவும். அப்பொழுது பெட்டிக்குள் யாரோ முட்டுவது போன்ற ஓசை எழும். மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவித் துடைத்தபின், அறுந்த முனையை மட்டும் நெருப்பிற் சிவக்கக் காய்ச்சி மெல்ல ஆறவிட்டு மெதுவாக்கி, புதுத் துளை செய்து மீண்டும் கொக்கியில் மாட்டினார் அம்முதியவர். முனையைக் காய்ச்சாமல் துளையிட்டால் எஃகு விரிந்து போகுமாம். சுருளுக்குக் காரீயம் கலந்த மசகும், மற்ற அச்சுகளுக்குத் தையல் யந்திர எண்ணெய் ஒவ்வொரு துளியும் இட்டோம். முன்பு யாரோ தேங்காய் எண்ணெய் ஊற்றியிருந்தனர். அது பசையாகி அச்சுகளைப் பிடித்திருந்ததை எடுப்பதே பெரும்பாடாயிற்று.

மோட்டாரில் நம் மனத்தை மிகக் கவர்ந்த உறுப்பு கவர்னர் எனப்படுவது. சிறு ஈயக் குண்டுகள் மூன்று, மெல்லிய எஃகுத் தகடுகள் மூன்றின் நடுவே பொருத்தப்பட்டு ஓர் அச்சைச் சுற்றி மிக வேகமாகச் சுழல்கின்றன. வேகம் மிகுந்தால் குண்டுகள் வெளிப்புறமாக விரியும். விரிந்தால் அவற்றோடு இணைந்த சிறு வட்டு இழுக்கப்பட்டுத் தோல் துண்டு ஒன்றில் உராயும். உராய்ந்தால் வேகம் தணியும். தணிந்தால் குண்டுகள் ஒடுங்கும். சுருள் புதிதாய் இறுகியிருக்கும்போதும், ஓய்ந்து தளரும்போதும் பாட்டின் சுருதி மாறாமல் நிற்பது இதனாலே. ஓட்டுநர் இன்றித் தன்னைத் தானே அடக்கிக் கொள்ளும் இக்கருவியை அமைத்தவர் அறிவை எவ்வளவு வியந்தாலும் தகும். நம் பெட்டியில் அத்தோல் துண்டு கல்லாய் இறுகியிருந்தது. மெல்லிய தோலொன்றைக் கத்தரித்து எண்ணெயில் தோய்த்து வைத்தவுடனே நடுக்கம் நீங்கியது.

வேகத்தைச் சரிபார்ப்பது எளிது. இத்தட்டுகள் நிமிடத்துக்கு 78 முறை சுழல வேண்டும். தட்டின் ஓரத்தின் கீழே சிறு காகிதத் துண்டு ஒன்றைச் செருகி, கடிகாரம் பார்த்து எண்ண வேண்டும். அரை நிமிடத்தில் 39 சுற்று வந்தால் சரி. வெறுந்தட்டாக எண்ணுதல் போதாது; முள்ளைத் தட்டில் வைத்து ஓடும்போதே எண்ண வேண்டும், முள்ளின் உராய்வும் வேகத்தைக் குறைப்பதனால். வேகம் சிறிது மிகுந்தாலும் ஆண்குரல் சிறுவன் குரலாகிவிடும். கிட்டப்பாவின் உச்ச ஸ்தாயியைக் கேட்டு வியப்பவர் முதலில் சுழற்சியை எண்ணிக்கொள்வது நலம்.

பாடுவது உண்மையில் சவுண்டு பாக்ஸ் என்னும் வட்டமான சிறு தலையே. முள் தட்டின் வரியில் இடமும் வலமுமாக நடுங்குகிறது. அந்நடுக்கம் ஒரு சிறு நெம்புகோல் வழியே மெல்லிய தகட்டை அசைக்கிறது. தகடு காற்றை அசைக்கிறது. பழைய தலைகளில் அத்தகடு காக்காய்ப்பொன் ஏடு, பிந்தியவற்றில் அலுமினியம். தகட்டின் விளிம்பைப் பிடித்திருக்கும் ரப்பர் வளையங்கள் காலத்தால் எலும்பு போல இறுகிவிடுகின்றன. பழைய பெட்டிகளின் கரகரத்த, இரைச்சலான ஒலிக்கு இதுவே பெரும்பாலும் காரணம். மக்களோ அக்காலத்துப் பதிவே அப்படி என்று எண்ணிக் கொள்கின்றனர். காக்காய்ப்பொன் தலையானால் மெல்லிய ரப்பர்க் குழலை அளவாக வெட்டி வளையமாக்கி நாமே மாற்றலாம். அலுமினியத் தலை நுட்பமானது. அன்றியும் சில தலைகளின் உடல் துத்தநாகக் கலப்பு உலோகத்தால் வார்த்தது. அது ஆண்டுகள் செல்லச் செல்ல உள்ளிருந்தே பருத்து வெடிக்கும். வெடிப்புக் கண்டால் திருகாணியைத் தொடாமல் விட்டுவிட்டு, வேறு தலை தேட வேண்டியதுதான். நம் பெட்டியின் தலை வெடிக்காதிருந்தது நற்பேறு.

பெட்டி பாடியது. முதலில் உறுதியான தட்டொன்றை வைத்தோம். மின்சாரமோ கம்பியோ இல்லாத கறுப்புப் பெட்டியிலிருந்து ஒரு குரல் கூடம் நிறைய எழுந்தபோது அண்டை வீட்டார் எல்லாரும் வந்துவிட்டனர். பாட்டியார் மட்டும் கிட்டப்பாவின் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முன்னர்க் கூறிய கற்பொடி இங்கேதான் குறுக்கிடுகிறது. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடம் ஓடும். அதற்குள் 230 சுற்றுக்கு மேல் ஆகிறது. முள் அவ்வளவில் நடக்கும் தொலைவு நூறு கஜத்துக்கும் மிகுதி. நூறு கிராமுக்கு மேற்பட்ட கனத்தோடு அழுத்தப்பட்டு அத்தொலைவு நடக்கும் எஃகு முள்ளைத் தட்டிலுள்ள கற்பொடி அரைத்துத் தேய்க்கிறது. தேய்ந்து கூராகிய முள் மறுமுறை தட்டை உளியாய்ச் செதுக்குகிறது. ஆகையால் ஒரு பக்கத்துக்கு ஒரு முள் என்பது அக்காலத்தார் விதி. நம்மவர் பலர் சிக்கனம் கருதி ஒரே முள்ளை ஒரு மாதம் வைத்திருந்தனர். பரண்களில் கிடைக்கும் தட்டுகளின் வரிகள் வெளுத்துச் சாம்பல் நிறமாயிருப்பது அச்சிக்கனத்தின் பயன். புது முள்ளாயினும் சேதம் குறையுமேயன்றி அறவே இல்லாமற் போகாது. கருவியைச் செப்பனிட்டவன் தட்டை அழிப்பவனாகவும் கூடும் என்பதை அன்று உணர்ந்தோம்.

ஆதலால் அத்தட்டைப் பெட்டியில் வைக்காமல், இக்காலத்து மின்னியற் கருவியால் தட்டுகளைப் பிரதி செய்யும் அன்பர் ஒருவரிடம் சென்னைக்குக் கொண்டு சென்றோம். அக்கருவியின் கை சில கிராம் கனமே தட்டின்மேல் வைக்கிறது. அதன் முள்ளும் இத்தட்டுகளுக்கென்றே அமைந்தது. பிற்கால நெடுந்தட்டுகளின் முள் இவற்றின் அகன்ற வரிக்குப் பொருந்தாது. இத்தகைய பணி பரந்த அளவிலும் நடைபெற்றிருக்கிறது; பிரித்தானிய நூலகத்தின் உதவியோடு நம் நாட்டு ஓடியன் தட்டுகளும் யங் இந்தியா தட்டுகளும் தேடிப் பிரதி செய்யப்பெற்றன. நெடுந்தட்டுகளைக் கிராமபோனில் வைப்பது மட்டும் எக்காரணத்தாலும் ஆகாது. ஒரே ஓட்டத்தில் அவை பாழாகும்.

பிரதியைப் பாட்டியாருக்குக் கைப்பேசியில் போட்டுக் காட்டினோம். முழுவதும் கேட்டார்கள். "நல்லா இருக்கு. ஆனா பெட்டியில வச்சு ஒரு தரம் போடு" என்றார்கள். மறுக்க மனம் வரவில்லை. குரல் பிரதியில் பத்திரமாயிருந்ததனால், புது முள் மாட்டி ஒரு பக்கம், ஒரே முறை, வைத்தோம். சுருதி சரியாக நின்றது.

மற்றைய பதினொரு தட்டுகளில் ஒன்று குறுக்கே விரிந்திருக்கிறது. அதனை ஒட்ட முயலவில்லை. எல்லாவற்றையும் வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டுச் சவர்க்காரம் விட்டு, நடுக்காகிதம் நனையாமல், வரிகளின் போக்கிலேயே மெல்லிய தூரிகையால் கழுவினோம். ஸ்பிரிட்டு முதலியன அரக்கைக் கரைக்குமாதலால் அவற்றை அண்டவிடலாகாது. உலர்ந்தபின் ஒவ்வொன்றையும் காகித உறையிலிட்டு, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காமல், புத்தகங்களைப் போல நெட்டாக நிறுத்தி வைத்தோம். வெயில் படும் இடத்தில் வைத்தால் அரக்கு இளகி வளைந்துவிடும். நடுக்காகிதத்திலுள்ள எண்களையும், அதனருகே அரக்கில் பொறித்துள்ள சிற்றெண்களையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறோம். பெட்டியை மூடுமுன் சுருள் முழுதும் ஓடி ஓயும்படி விடுகிறோம். இறுகியபடியே கிடந்தால் எஃகு சோர்ந்து போகும்.